வெளிநாட்டு ஒப்பந்த ஆலைகள்: பிராண்டின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

கேள்வி: ஸ்கார்பரோவாசி

வணக்கம் உறவுகளே,

டொராண்டோவுக்கு வெளியே ஓர் ஆடை நிறுவனத்தின் கிடங்கில் வேலை செய்கிறேன். கன்டெய்னரில் வரும் அட்டைப்பெட்டிகளைத் திறந்து, அளவுவாரியாகப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்புவது எங்கள் பகுதியின் வேலை. பெட்டிகளில் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சிட்டகாங் துறைமுகத்திலிருந்து வருபவை. மீதி வியட்நாம், கம்போடியா. சில தூத்துக்குடி வழியாக.

அண்மையில் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சப்ளையர்கள் எல்லோரும் நடத்தை விதிகளில் கையெழுத்திட்டவர்கள், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் எழுந்து, "அந்த ஆலையில் தீப்பிடித்தால் நாம் பொறுப்பா?" என்று கேட்டேன். வகுப்பெடுத்த பெண்மணி கோபப்படவில்லை. "அவை நம் ஆலைகள் அல்ல. நாம் பொருளை வாங்குகிறோம். அங்குள்ள சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அந்த நாட்டு அரசின் வேலை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

வவுனியாவில் என் மச்சாள் ஓர் ஆடை ஆலையில் தைக்கிறாள். அவளுடைய சம்பளமும் பாதுகாப்பும் யார் கையில் இருக்கின்றன என்று யோசித்தால் அந்தப் பதில் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்தப் பெண்மணி சொன்னது சரியா? சரியில்லை என்றால் எந்த இடத்தில் சரியில்லை? சட்டம் என்ன சொல்கிறது? இந்தத் தொழிலுக்குள் இருப்பவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாக எழுதுங்கள்.


பதில்: பனியன்நகரம்

அந்தப் பெண்மணி சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இந்த வாதம் இவ்வளவு காலமாக எடுபடுகிறது. ஆலை அவர்களுடையது இல்லைதான். கட்டடம், இயந்திரம், வேலையாட்கள் எதுவும் அவர்கள் பெயரில் கிடையாது. ஆனால் அந்த ஆலையில் இரவு எத்தனை மணி வரை விளக்கு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவளாக வேலையைத் தொடங்கினேன். பிறகு டாக்காவில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் பையிங் ஆபீஸில் (கொள்முதல் அலுவலகத்தில்) சில ஆண்டுகள் இருந்தேன். ஆர்டர் போடும் மேசையில் உட்கார்ந்தவள் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை போடும்போது காஸ்டிங் ஷீட்டில் (செலவுக் கணக்குத் தாளில்) நூல், நிட்டிங், சாயம், பிரிண்ட், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி என்று வரிசையாக வரும். நூல் விலையில் யாரும் கை வைக்க முடியாது. அது பருத்திச் சந்தையைப் பொறுத்தது. சாயத்துக்கும் ஏறக்குறைய அதே கதைதான். கடைசியில் பேரம் பேச மிஞ்சுவது ஒரே ஒரு வரி, வெட்டித் தைக்கும் கூலி. நாங்கள் அதை சி.எம். என்போம். வங்கதேசத்தில் அதை டஜன் கணக்கில் சொல்வார்கள். "டஜனுக்கு இருபத்தைந்து சென்ட் குறையுங்கள், இல்லாவிட்டால் ஆர்டரை வேறு நாட்டில் வைக்கிறோம்" என்று மின்னஞ்சல் வரும். இருபத்தைந்து சென்ட்தானே என்று தோன்றும். லட்சக்கணக்கான பீஸ்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தையல்காரியின் சம்பளம், மின்சாரம், கட்டட வாடகை, தீயணைப்புக் கருவி, அவசரப் படிக்கட்டு, முதலாளியின் லாபம், எல்லாம் வருவது அந்த ஒரு வரியிலிருந்துதான். பையர் (பிராண்டுக்காக வாங்குபவர்) அந்த வரியைக் கிள்ளும்போது ஆலை எதை வெட்டும் என்று அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். காஸ்டிங் ஷீட்டை வரி வரியாகப் படிப்பதுதான் அவருடைய வேலை.

அடுத்தது நாள் கணக்கு. சாயத்தின் நிறத்துக்கு லேப் டிப் (சாயமிட்ட துணி மாதிரி) அனுப்புவோம். "இன்னும் கொஞ்சம் நீலம் வேண்டும்" என்று திரும்பி வரும். மறுபடி அனுப்புவோம். இப்படியே பிராண்டின் அலுவலகத்தில் வாரங்கள் கரையும். ஷிப்மென்ட் தேதி மட்டும் ஒரு நாள்கூட நகராது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு ஆலையின் தலையில். ஒரு விமானச் சரக்குக் கட்டணம் அந்த ஆர்டரின் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும். ஆகவே ஆலைக்கு இரண்டு வழிகள்தான். பெண்களை நள்ளிரவு வரை உட்கார வைப்பது ஒன்று. யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஆலைக்குச் சப்-காண்ட்ராக்ட் கொடுப்பது மற்றொன்று.

2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆசுலியாவில் தாஸ்ரீன் ஆலை எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, உள்ளே வால்மார்ட்டின் சொந்த பிராண்ட் உடைகள் கிடந்தன. எங்களுக்குத் தெரியாமல் சப்ளையர் அங்கே ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று வால்மார்ட் சொன்னது. தெரியாமல் கொடுத்ததாகவே இருக்கட்டும். எந்த விலையும் எந்தத் தேதியும் ஓர் ஆலையை அந்த நிலைக்குத் தள்ளுகின்றன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இனி தணிக்கை. பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் காட்டிய படம் இதைப் பற்றியதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டாக்காவுக்கு அருகே காசிப்பூரில் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். ஆடிட்டர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். முந்தின மாலையே படிக்கட்டை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் மாடிப்படிக்கு முன்னால் கொலாப்சிபிள் கேட் உண்டு. இரும்புப் பட்டைகளை இழுத்துப் பூட்டுவது, நம் ஊர்க் கடைகளில் இருக்குமே அதே கேட். துணி திருட்டுப் போகாமலிருக்க அதை வேலை நேரத்திலும் பூட்டி வைப்பார்கள். சாவி காவலாளியின் இடுப்பில் இருக்கும். அன்றைக்கு மட்டும் பூட்டு ஸ்டோர் ரூம் டிராயருக்குப் போனது.

ஆடிட்டர் டைம் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். எல்லோரும் மாலை ஏழு மணிக்கு வெளியேறியதாக இருந்தது. எட்டு மணி நேர வேலை, இரண்டு மணி நேர ஓவர்டைம், நடுவே சாப்பாட்டு இடைவேளை. அந்த நாட்டுச் சட்டத்துக்கு அச்சாகப் பொருந்திய கணக்கு. ஆனால் ஒவ்வொரு தையல் லைனின் தலைமாட்டிலும் மணிவாரி உற்பத்தி எழுதும் கரும்பலகை ஒன்று தொங்கும். அதன் கட்டங்கள் இரவு பத்து வரை போட்டிருந்தன. ஏழு மணிக்குப் பிறகுள்ள கட்டங்களை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். சாக்பீஸ் எண்கள் மங்கலாக அப்படியே தெரிந்தன: 110, 104, 97. நேரம் ஆக ஆக எண் குறைந்துகொண்டே வந்தது. நான் ஆடிட்டரிடம் அதைக் காட்டினேன். தன் படிவத்தில் டைம் கார்டு பற்றி மட்டும்தான் கேள்வி இருக்கிறது, உற்பத்திப் பலகை பற்றி இல்லை என்றார். அன்று மாலை ஆலைக்குத் தேர்ச்சி கிடைத்தது. அந்த ஆடிட்டருக்குக் கூலி கொடுத்ததும் ஆலைதான்.

இது ஏதோ ஓர் ஆலையின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கராச்சி பல்டியா டவுனில் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர் ஜெர்மனியின் கிக் நிறுவனம். பின்னாளில் பாகிஸ்தான் நீதிமன்றம் அதை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் வைத்த தீ என்று தீர்ப்பளித்தது. தீ வைத்தவர்கள் யாராக இருந்தாலும், ஜன்னல்களில் கம்பியும் வழிகளில் பூட்டும் இருந்ததால்தான் சாவு அத்தனை பெரிதானது. சான்றிதழ் கொடுத்தவர்களின் கண்ணில் அந்தக் கம்பிகள் படவில்லை.

ராணா பிளாசாவை எல்லோருக்கும் தெரியும். 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகே சாவார். அனுமதியை மீறி எட்டு மாடி வரை எழுப்பி, ஒன்பதாவதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் ஒன்றிலிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலேயிருந்த ஐந்து ஆடை ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை சம்பளத்தைக் காட்டி மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். மின்சாரம் நின்று, மாடியில் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தார்கள். அந்த ஐந்து ஆலைகளில் இரண்டு ஐரோப்பிய சமூகத் தணிக்கை முறையில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை. கட்டடத்தின் உறுதி எங்கள் தணிக்கையின் வரம்பில் இல்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள்.

வங்கியையும் ஆலையையும் ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கியின் தலையில் அன்றைக்கு ஷிப்மென்ட் தேதி எதுவும் தொங்கவில்லை. உங்கள் பயிற்சி வகுப்புப் பெண்மணிக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: விலையையும் தேதியையும் வைப்பவருக்கு, அந்த விலையிலும் தேதியிலும் நடக்கும் வேலைக்குப் பொறுப்பு உண்டு. சொத்துப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

இதை வெறும் நியாயமாக விட்டுவிடாமல் ஒப்பந்தமாக மாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி அங்கேயே இருக்கிறது. இடிந்த மூன்று வாரங்களுக்குள் வங்கதேச அக்கார்டு என்ற தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. இண்டஸ்ட்ரியால், யுனி ஆகிய உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் ஒரு பக்கம், பிராண்டுகள் மறுபக்கம். கையெழுத்திட்ட பிராண்டுகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. சுமார் 1,600 ஆலைகள் அதன் கீழ் வந்தன. பொறியாளர்கள் தனியாக ஆய்வு செய்தார்கள். அறிக்கைகளை எவரும் படிக்கும்படி இணையத்தில் போட்டார்கள். பழுது பார்க்க மறுக்கும் ஆலையோடு எந்த உறுப்பினர் பிராண்டும் வணிகம் செய்யக் கூடாது. அதேபோல் பழுதுபார்ப்புக்குப் பணம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது பிராண்டின் கடமை. கட்டடம் ஆபத்தானது என்று தெரிந்தால் உள்ளே போக மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நான் சொன்ன அந்தக் கொலாப்சிபிள் கேட்டுகளை ஆலை ஆலையாகக் கழற்ற வைத்தது இந்த ஏற்பாடுதான். கேட் இருந்த இடத்தில் தீத்தடுப்புக் கதவு வந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று. அக்கார்டை மீறினால் சங்கம் பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுத்தும் காட்டினார்கள். 2016-இல் ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்தில் இரண்டு பிராண்டுகள் மீது வழக்கு போட்டார்கள். அவற்றில் ஒன்று 2018-இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நடத்தை விதிகளை மீறியதற்காக எந்த பிராண்டும் அப்படிப் பணம் கட்டியதை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.


பதில்: தறிமேடை

சகோதரி எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் ஆலை நடத்துபவன் என்ற முறையில் சில வார்த்தைகள். கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும் செய்து ஏற்றுமதி செய்கிறோம்.

முதலாவது, அரசை இவ்வளவு எளிதாக விட்டுவிடாதீர்கள். ராணா பிளாசாவில் கூடுதல் மாடிகள் எழும்பியதை உள்ளூர் நிர்வாகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆய்வாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு எட்டிப் பார்க்காத நாட்டில், பிராண்ட் வந்து சட்டத்தைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தால் நாளைக்கு பிராண்ட் போனதும் சட்டமும் போய்விடும்.

இரண்டாவது, பணம். ஒவ்வொரு பையருக்கும் ஒரு நடத்தை விதி, ஒரு சான்றிதழ், ஒரு தணிக்கை நிறுவனம். ஒரே தீயணைப்புக் கருவியை நான்கு பேர் நான்கு விதமாக அளந்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டுவது நாங்கள். அதற்காக மீட்டருக்கு ஐந்து காசு கூட்டித் தந்தவர் ஒருவரும் இல்லை. கதவை மாற்று என்பவர் கதவின் விலையில் பங்கு தர வேண்டும்.

மூன்றாவது, கொரோனா. 2020 மார்ச்சில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? தைத்து, மடித்து, பெட்டியில் போட்டு முடித்த சரக்கை வேண்டாம் என்றார்கள். 'தவிர்க்க முடியாத சூழல்' என்ற ஒரு பிரிவை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துக் காட்டினார்கள். வங்கதேசத்தில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. நூலுக்கும் துணிக்கும் ஆலைகள் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தன. தொழிலாளிகள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் உலகம் முழுக்கக் கூச்சல் போட்ட பிறகுதான் பல பிராண்டுகள் பணம் தர ஒப்புக்கொண்டன. பொறுப்பைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் செய்த வேலைக்குப் பணம் தருவதிலிருந்து பேச்சைத் தொடங்கட்டும்.

ஸ்கார்பரோ நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாட்டுச் சரக்கையே வாங்காதீர்கள் என்ற பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். டிஸ்னி 2013-இல் வங்கதேசத்திலிருந்து ஆர்டர்களை விலக்கிக்கொண்டது. அதனால் ஒரு படிக்கட்டாவது அகலமாயிற்றா? லைனில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வேலை போனதுதான் மிச்சம்.


பதில்: வழக்குக்கட்டு

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ஒன்டாரியோவில் வழக்கறிஞராக இருக்கிறேன். உங்கள் கேள்வி இந்த மாகாண நீதிமன்றத்திலேயே வந்து போய்விட்டது.

ராணா பிளாசாவில் இயங்கிய ஆலைகளில் ஒன்றில் கனடாவின் சில்லறை வணிக நிறுவனமான லோப்லாவின் ஜோ ஃபிரெஷ் உடைகள் தைக்கப்பட்டன. லோப்லா நேரடியாக ஆர்டர் கொடுக்கவில்லை. இடையில் ஓர் இந்திய ஏற்றுமதி நிறுவனம் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் லோப்லா மீதும், அதற்காகச் சமூகத் தணிக்கை செய்த பியூரோ வெரிட்டாஸ் மீதும் ஒன்டாரியோவில் கூட்டு வழக்கு போடப்பட்டது. 2017-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. காரணம் என்ன? விபத்து நடந்தது வங்கதேசத்தில், ஆகவே அந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி பெரும்பாலானவர்களுக்கு வழக்கு போட ஓராண்டு கெடு கடந்துவிட்டது. அதோடு, சப்ளையரின் சப்ளையருடைய தொழிலாளர்களைக் காக்கும் சட்டக் கடமை லோப்லாவுக்கு இல்லை. ஆலையும் கட்டடமும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்றது நீதிமன்றம். உங்கள் வகுப்பில் அந்தப் பெண்மணி சொன்ன வாதம் ஏறக்குறைய இதுவேதான். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஜெர்மனியில் கிக் மீது கராச்சிக் குடும்பங்கள் போட்ட வழக்கும் 2019-இல் டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் இதே காலக்கெடுவில்தான் விழுந்தது. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு, பாகிஸ்தானியச் சட்டப்படி நாள் கடந்துவிட்டது என்று ஜெர்மன் நீதிபதி சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கசப்பு இன்னும் போகவில்லை. அதே கிக், வழக்குக்கு வெளியே, 2016-இல் செய்துகொண்ட உடன்பாட்டில் 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் கிடைக்காதது பேச்சுவார்த்தையில் கிடைத்திருக்கிறது.

பழைய பொதுச் சட்டத்தில் வழி இல்லை என்பதால்தான் புதிய சட்டங்கள் வந்தன. பிரான்ஸ் 2017-இல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களையும் கண்காணிக்க வேண்டும் என்ற விழிப்புக் கடமைச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதே கடமை பற்றிய ஓர் உத்தரவை நிறைவேற்றியது. ஆனால் அடுத்த ஆண்டே தொழில் துறையின் அழுத்தத்தில் அதன் கெடுவைத் தள்ளிப்போட்டது. கனடாவில் 2024 ஜனவரி முதல் கட்டாய உழைப்பு, குழந்தைத் தொழில் பற்றிய விநியோகச் சங்கிலிச் சட்டம் இருக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் மே 31-க்குள் அறிக்கை தர வேண்டும். இயக்குநர் குழு அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அறிக்கை கொடுத்தால் போதும்; நிலைமையைச் சரி செய்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பூட்டிய கதவும் விரிசல் விட்ட தூணும் அதன் வரம்பிலேயே வராது. ஆனாலும் உங்கள் நிறுவனம் அறிக்கை தரவேண்டிய நிறுவனமாக இருந்தால் அது பொதுவெளியில் இருக்கும். எடுத்துப் படியுங்கள்.


பதில்: ஸ்கார்பரோவாசி

எல்லோருக்கும் நன்றி. பனியன்நகரம் அக்கா, வங்கியும் ஆலையும் ஒரே கட்டடத்தில் இருந்த செய்தி எனக்குத் தெரியாது. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்விகள். அக்கார்டு கட்டடத்துக்கும் தீக்கும் மட்டும்தானே? லைனில் கத்தும் மேற்பார்வையாளர், கழிப்பறைக்குப் போக விடாதது, பெண்களிடம் தவறாக நடப்பது, இவற்றுக்கு அதுபோல் ஏதாவது இருக்கிறதா? அடுத்தது, என்னைப் போல் கிடங்கில் இருப்பவனால் என்ன செய்ய முடியும்?


பதில்: பனியன்நகரம்

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆலை. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன் பிறகு மற்றப் பெண்களும் தாங்கள் பட்ட தொல்லைகளைச் சொல்ல முன்வந்தார்கள். டி.டி.சி.யு. என்ற, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் என்ற கூலி உரிமைக் கூட்டணியும் ஓர் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈஸ்ட்மேன் கையெழுத்திட்டது. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய பிராண்டுகளும் தனித்தனியாகச் சட்டப்படி கட்டுப்படும் உடன்படிக்கை செய்துகொண்டன.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி தையல் லைனிலேயே இருக்கிறது. தொழிலாளிகளிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக நியமிக்கிறார்கள். மேற்பார்வையாளர் கத்தினாலோ, கை வைத்தாலோ, சாதியைச் சொல்லித் திட்டினாலோ பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணே அதைப் பதிவு செய்யலாம். புகாரை விசாரிக்கும் ஏற்பாட்டில் ஆலைக்கு வெளியேயிருந்தும் ஆட்கள் உண்டு. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் பிராண்ட் வணிகத்தில் விளைவைக் காட்டியாக வேண்டும். அங்கேதான் பிராண்டின் பொறுப்பு எழுத்தில் வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் வரும் ஆடிட்டரிடம், மேற்பார்வையாளர் பத்தடி தூரத்தில் நிற்க, எந்தப் பெண் வாய் திறப்பாள்? தினமும் கூடவே உட்கார்ந்து தைப்பவளிடம் சொல்லுவாள்.

இந்த ஏற்பாட்டின் பலன் ஆலைக்கும் தெரிந்தது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரில் நாச்சி அப்பேரல் சரக்குக்குத் தடை போட்டது. ஒப்பந்தப்படி நடந்த சீர்திருத்தங்களைக் காட்ட முடிந்ததால் செப்டம்பரிலேயே தடை விலகியது. தறிமேடை ஐயா, நான்கு சான்றிதழுக்குக் கட்டணம் கட்டுவதைவிட இப்படி ஓர் ஒப்பந்தம் உங்களுக்கும் நல்லது என்பேன். கதவின் விலையில் பங்கு வேண்டும் என்று நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். அக்கார்டில் அதுவும் ஒரு விதியாகவே இருந்தது. விதி இருந்தும் பல ஆலைகள் கடன் வாங்கித்தான் கதவு மாட்டின. அந்த இடத்தில் பிராண்டுகள் போதிய அளவு கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரசை விட்டுவிடக் கூடாது என்றீர்கள், சரி. ஆனால் அரசின் கையையும் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2013 இறுதியில் 5,300 டாகா (அந்நாட்டு நாணயம்), 2018-இல் 8,000, 2023 டிசம்பரில் 12,500. அந்தக் கடைசி உயர்வுக்கு முன் சங்கங்கள் அதைப்போல் இரு மடங்குக்கு அருகில் கேட்டன. போராட்டத்தில் உயிர்கள் போயின. கூலியை ஏற்றினால் பையர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதே முதலாளிகள் தரப்பின் வாதம். கூடும் கூலிக்கு ஏற்ப விலையைக் கூட்டித் தருவோம் என்று ஒவ்வொரு பிராண்டும் எழுத்தில் கொடுத்துவிட்டால் அந்த வாதம் அன்றைக்கே விழுந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தம்பி, கிடங்கில் இருப்பவர் கையில் ஒரு செய்தி இருக்கிறது. ராணா பிளாசா இடிபாட்டுக்குள் தொழிலாளர் அமைப்பினர் லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் தேடி எடுத்தார்கள். பெனட்டன் முதலில் எங்களுக்குத் தொடர்பில்லை என்றது. சான்றுகள் வெளியான பிறகுதான் ஒப்புக்கொண்டது. சரக்கு எங்கே தைக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் பொறுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. இன்று பல பிராண்டுகள் தங்கள் ஆலைப் பட்டியலை வெளியிடுகின்றன. ஓபன் சப்ளை ஹப் என்ற தளத்தில் ஆலை பெயரைப் போட்டுத் தேடலாம். உங்கள் நிறுவனத்தின் பட்டியல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கிங் லிஸ்டில் உற்பத்தியாளர் பெயர் இருந்தால் அது பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். படம் எடுக்காதீர்கள், காகிதத்தை வெளியே கொண்டுபோகாதீர்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. உங்கள் கிடங்கில் சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அடுத்த வகுப்பில் 'நாம் பொறுப்பா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பதிலும் பொதுவாகத்தான் வரும். அக்கார்டில் நம் நிறுவனம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2021-இல் அது சர்வதேச அக்கார்டு ஆனது. பிறகு பாகிஸ்தானுக்கும் நீண்டது. கையெழுத்திட்டவர்களின் பெயர்ப் பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது, பொய் சொல்ல முடியாது. தணிக்கைக்குக் கூலி கொடுப்பது யார் என்று கேளுங்கள். வங்கதேசத்தில் கூலி ஏறியபோது நாம் கொடுக்கும் விலை எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவரிடம் பதில் இருக்காது; கொள்முதல் பிரிவைக் கேட்டுச் சொல்லும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.